ஊர்க் கணக்கும் நாட்டுக் கணக்கும்

ஓர் ஊரில் ஐந்து ஆண்டுகளில் எட்டுப் பேர் நிணநீர்ப் புற்றுநோயால் இறந்தனர் என்று வைத்துக்கொள்வோம். இந்த எட்டு என்பது மிகுதியா, குறைவா? அந்த எண்ணை மட்டும் பார்த்து இக்கேள்விக்கு விடை கூற எவராலும் இயலாது. அவ்வூரில் எத்தனை பேர் வாழ்கின்றனர், அவர்களுள் முதியோர் எத்தனை பேர், நாடு முழுவதிலும் இந்நோய் எவ்வளவு உயிர்களைக் கொள்கிறது, சென்ற ஆண்டுகளில் அது ஏறியதா இறங்கியதா என்பனவெல்லாம் தெரியும்வரை எட்டு என்ற எண் வாய் திறப்பதில்லை. ஓர் ஊரின் சாவுக் கணக்கை நாட்டின் கணக்கோடு வைத்துப் பார்ப்பது எவ்வாறு, பார்த்தபின் எதனைச் சொல்லலாம், எதனைச் சொல்லலாகாது என்பதே இன்று நாம் ஆராயப்போகும் பொருள்.

முதலில் நோயை அறிந்துகொள்வோம். நம் உடலில் குருதிக் குழாய்களைப் போலவே நிணநீர்க் குழாய்களும் பரவியுள்ளன. அவற்றின் வழியில் ஆங்காங்கே அவரை விதை போன்ற கணுக்கள் அமைந்திருக்கின்றன. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் 'நெறி கட்டியிருக்கிறது' என்று வீட்டிலுள்ள பெரியோர் கூறக் கேட்டிருப்பீர்கள். வீங்கியிருப்பது அத்தகைய கணுவே. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அங்கே திரள்வதால் உண்டாகும் அவ்வீக்கம் சில நாட்களில் தணிந்துவிடும். அவ்வெள்ளணுக்களுள் ஒருவகை கட்டுப்பாட்டை இழந்து பெருகிக்கொண்டே போனால், அதுவே லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்று ஆகிறது. தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற ஆங்கில மருத்துவர் 1832ஆம் ஆண்டில் இதன் ஒரு வகையை விவரித்தார். அவ்வகை அவர் பெயரால் வழங்குகிறது. ஏனையவற்றை 'ஹாட்ஜ்கின் அல்லாத' வகைகள் என்பர். சாவுக் கணக்கில் பெரும்பங்கு பின்னவற்றுக்கே உரியது.

ஊரின் சாவை ஓர் அளவுகோலோடு ஒப்பிடும் வழக்கம் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பதிவாளர் அலுவலகத்தில் பணியாற்றிய வில்லியம் ஃபார் என்பவர், நாட்டில் உடல்நலம் மிக்க வட்டங்களைத் தேர்ந்தெடுத்தார். அங்கே ஆண்டுதோறும் 1,000 பேருக்கு 17 பேர் இறப்பதைக் கண்டு, அதனையே மற்ற ஊர்களை அளக்கும் கோலாகக் கொண்டார். 1848ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமும் இவ்வழியையே பின்பற்றியது. 1,000 பேருக்கு 23 பேருக்கு மேல் இறக்கும் ஊரில், ஊரார் கேளாவிடினும், சுகாதாரக் குழு ஒன்றை அமைக்க அச்சட்டம் இடமளித்தது. ஒரு சாவு வீதம் நாட்டின் சட்டத்தையே இயக்கும் விசையாக மாறியது அப்போதுதான்.

இத்தகைய ஒப்பீடு இன்று மிக விரிவாக நடைபெறும் நாடு அமெரிக்கா. அங்கே மாநிலங்கள் 'கவுண்டி' எனப்படும் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. நாடு முழுவதிலும் 3,000க்கு மேற்பட்ட கவுண்டிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் நிகழ்ந்த புற்றுநோய்ச் சாவுகளை நாட்டின் கணக்கோடு ஒப்பிட்டு அரசு நிறுவனங்கள் வெளியிடுகின்றன. கவுண்டியின் வீதம் நாட்டு வீதத்தினும் மிகையா, ஒத்ததா, குறைவா என்பது ஒரு வரிசை. அது ஏறுகிறதா, நிலையாக நிற்கிறதா, இறங்குகிறதா என்பது மற்றொரு வரிசை. இரண்டையும் பெருக்கினால் ஒன்பது கட்டங்கள். மிகையாக இருந்து மேலும் ஏறிச்செல்லும் கட்டத்தில் விழும் ஊரே முதற்கண் கவனிக்க வேண்டிய ஊர்.

இவ்வொப்பீட்டில் மூன்று கண்ணிகள் உள்ளன. முதலாவது, வயது. ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா பெரும்பாலும் முதியோரைப் பற்றும் நோய். அமெரிக்காவில் இந்நோயால் இறப்போரில் பாதிப் பேர் 75 வயதைக் கடந்தவர்கள். இனி, ஃபுளோரிடா மாநிலத்தின் சம்டர் கவுண்டியைப் பாருங்கள். ஓய்வு பெற்றோர் குடியேறி வாழும் பகுதி அது. அங்குள்ள மக்களின் நடுவயது ஏறத்தாழ 68. யூட்டா மாநிலத்திலோ நடுவயது 32ஐ ஒட்டியதே. இவ்விரண்டின் சாவுகளை அப்படியே எண்ணி ஒப்பிட்டால், சம்டரின் காற்றிலும் நீரிலும் நஞ்சு கலந்திருப்பதாகத் தோன்றும். உண்மையில் அங்கே மிகுந்திருப்பது வயதே. இதனைச் சரிசெய்ய, ஒவ்வோர் ஊரிலும் வயது வாரியாக வீதங்களைக் கண்டு, எல்லா ஊர்களிலும் ஒரே வயதமைப்புடைய மக்கள் வாழ்ந்தால் வீதம் எவ்வளவாகும் என்று கணக்கிடுகின்றனர். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டின் மக்கள்தொகை அமைப்பை இதற்குப் பொதுவாகக் கொண்டுள்ளனர். வயதுச் சீரமைப்பு என்பது இதுவே.

இரண்டாவது, தற்செயல். வயதைச் சீரமைத்தபின் அமெரிக்காவில் இந்நோயின் இறப்பு வீதம், ஆண்டுக்கு 1,00,000 பேருக்கு ஏறத்தாழ 5. இருபதாயிரம் பேர் வாழும் ஒரு சிறு கவுண்டியில் இதன்படி ஆண்டுக்கு ஒரு சாவு எதிர்பார்க்கலாம். ஆனால் சாவு நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை. நாட்டு வீதத்தினின்று சிறிதும் மாறாத கவுண்டியிலும், 100 ஆண்டுகளில் சுமார் 37 ஆண்டுகள் ஒரு சாவும் இன்றிக் கழியும். சுமார் 8 ஆண்டுகளில் மூன்றோ அதற்கு மேலோ நிகழும் என்பது நிகழ்தகவுக் கணக்கு. இதனை வேறு விதமாகச் சொன்னால், இத்தகைய 1,000 கவுண்டிகள் இருப்பின், யாதொரு காரணமும் இன்றியே ஓர் ஆண்டில் 80 கவுண்டிகள் நாட்டு வீதத்தின் மூன்று மடங்கையோ அதற்கு மேலோ காட்டும்! ஆகவே ஒரே ஆண்டின் எண்ணை நம்பாமல் ஐந்தாண்டுச் சாவுகளைச் சேர்த்துப் பார்க்கின்றனர். அவ்வாறு சேர்த்தும் 16க்குக் குறைவாயின் வீதத்தையே வெளியிடுவதில்லை. வெளியிடும்போதும், உண்மை வீதம் எவ்வெல்லைக்குள் இருக்கக்கூடும் என்பதை உடன் தருகின்றனர். எல்லை அகன்றிருந்தால் மிகை என்றோ குறைவு என்றோ துணிந்து கூறலாகாது.

தொடக்கத்தில் கூறிய எட்டுச் சாவுகளுக்கு இப்போது விடை காணலாம். நாட்டு வீதம் 5 எனக் கொண்டால், 32,000 பேர் வாழும் ஊரில் ஐந்தாண்டுகளில் எதிர்பார்க்கத்தக்கது சரியாக எட்டே. ஊரில் 10,000 பேர்தாம் எனில் அது எதிர்பார்த்ததைப் போல் மூன்று மடங்குக்கு மேல். அங்கே வயதை நோக்க வேண்டும்; தற்செயலை நோக்க வேண்டும்; பின்னர் நின்று விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது, போக்கு. ஊரின் வீதம் இறங்குகிறது என்று கேட்டவுடன் மனநிறைவு கொள்ளலாகாது. நாடு எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்று கேட்க வேண்டும். அமெரிக்காவில் ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமாவின் இறப்பு வீதம் பல ஆண்டுகள் ஏறிச்சென்று 1997ஆம் ஆண்டளவில் உச்சத்தை எட்டியது. அப்போது அது 1,00,000 பேருக்கு 9ஐ நெருங்கியிருந்தது. அதன்பின் இறங்கத் தொடங்கி, அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு என்ற அளவில் குறைந்துவருகிறது. ரிடுக்சிமாப் என்ற மருந்து 1997ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றதும், எய்ட்ஸ் நோய்க்குரிய கூட்டு மருந்துமுறை 1996ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்ததும் இவ்விறக்கத்திற்குத் துணை நின்றன. நாடெங்கும் இவ்வாறு இறங்கும்போது ஒரு வட்டாரத்தின் வீதம் அசையாமல் நின்றால், 'நிலையாக உள்ளது' என்ற சொல்லின் பின்னே ஒரு பின்தங்கல் மறைந்திருக்கிறது. மருந்து அங்கே சென்று சேரவில்லையோ, நோய் காலந்தாழ்ந்து கண்டறியப்படுகிறதோ என்று ஆராய வேண்டும்.

ஊருக்கும் நாட்டுக்கும் உள்ள வேற்றுமை சில வேளைகளில் பேருண்மைகளை வெளிப்படுத்தியுள்ளது. 1980களில் சான்ஃபிரான்சிஸ்கோ நகரில் இளம் ஆடவரிடையே இந்நோய் திடீரென மிகுந்தது. எய்ட்ஸ் கிருமி உடலின் எதிர்ப்பாற்றலை அழித்து லிம்போமாவுக்கு வழி திறக்கிறது என்பதை உணர்த்திய சான்றுகளுள் அதுவும் ஒன்று. அதற்கு முன்பே ஆப்பிரிக்காவில் மற்றொரு வழிகாட்டல் நிகழ்ந்தது. உகாண்டாவின் கம்பாலா நகரில் பணிபுரிந்த டெனிஸ் பர்க்கிட் என்ற அறுவை மருத்துவர், குழந்தைகளின் தாடையில் தோன்றும் ஒருவகைக் கட்டியைப் பற்றி 1958ஆம் ஆண்டில் எழுதினார். அக்கட்டி எங்கே காணப்படுகிறது, எங்கே காணப்படவில்லை என்று அறிய, 1961ஆம் ஆண்டில் தோழர் இருவருடன் ஏறத்தாழ 10,000 மைல் பயணம் செய்து மருத்துவமனைதோறும் விசாரித்தார். வெப்பமும் மழையும் மிக்க, மலேரியா நிலவும் பகுதிகளிலேயே அது மிகுந்திருந்தது. அந்த வரைபடம் தந்த துணிவால், எப்ஸ்டீன் என்பவரும் அவருடைய துணைவர்களும் அக்கட்டியை ஆராய்ந்து 1964ஆம் ஆண்டில் ஒரு புதிய வைரசைக் கண்டனர்.

ஆனால் எல்லா வேற்றுமையும் இவ்வாறு விடை தருவதில்லை. இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையில் செல்லாஃபீல்டு அணு நிலையத்தை அடுத்துச் சீஸ்கேல் என்ற சிற்றூர் உள்ளது. எதிர்பார்க்கத்தக்கது ஒன்றுக்கும் குறைவாக இருக்க, அவ்வூரில் ஏழு சிறுவர்கள் இரத்தப் புற்றுக்கு ஆளாயினர் என்று 1983ஆம் ஆண்டில் தொலைக்காட்சி ஒன்று அறிவித்தது. நாடே அதிர்ந்தது. சர் டக்ளஸ் பிளாக் தலைமையில் அமைந்த குழு 1984ஆம் ஆண்டில் அம்மிகை உண்மையே என்று கூறியது. பின்னர் வந்த ஆய்வுகள் லிம்போமாவையும் சேர்த்துக் கணக்கிட்டன. எனினும் நிலையத்தினின்று வெளிப்பட்ட கதிர்வீச்சின் அளவு, அத்தனை நோய்க்குக் காரணமாகப் போதாததாகவே மதிப்பிடப்பட்டது. தந்தையர் பெற்ற கதிர்வீச்சு காரணமோ என்று ஒருவர் கருதினார். ஒதுக்கமான சிற்றூரில் புதியவர் பலர் வந்து கலந்ததால் பரவிய தொற்று காரணமோ என்று மற்றொருவர் கருதினார். 2016ஆம் ஆண்டில் வெளிவந்த அரசுக் குழுவின் அறிக்கை, அம்மிகை இப்போது காணப்படவில்லை என்று கூறியது. ஒப்பீடு இங்கே ஒரு கேள்வியை உறுதியாக நாட்டியது. அதன் விடையைத் தரவில்லை. விடையைத் தருவது ஒப்பீட்டின் வேலையன்று. எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டுவதோடு அதன் கடமை முடிகிறது.

இனி நம் நாட்டை நோக்குவோம். இந்தியாவில் பல மாவட்டங்களில் இந்நோயின் இறப்பு மிகக் குறைவாகவே பதிவாகிறது. இதனைக் கண்டு மகிழலாமா? 2020ஆம் ஆண்டில் பதிவான இறப்புகளுள் மருத்துவரால் காரணம் சான்றளிக்கப்பட்டவை நூற்றுக்கு ஏறத்தாழ 22 மட்டுமே. காய்ச்சல், மெலிவு, வீக்கம் என்று பெயரிட்டு மறைந்த சாவுகளுள் எத்தனை நிணநீர்ப் புற்றோ! மேலும், இறப்பு நிகழ்ந்த இடத்திலேயே பதிவு செய்யப்படுவதால், சிற்றூரினின்று சென்னைக்கு வந்து மருத்துவமனையில் உயிர் நீத்தவர் சென்னைக் கணக்கில் சேர்ந்துவிடுகிறார். அமெரிக்காவில் இறந்தவர் வாழ்ந்த கவுண்டிக்கே அச்சாவு கணக்கிடப்படுகிறது. இருவேறு முறையால் எழுந்த எண்களை அருகருகே வைத்தால் அளவுகோலே இரண்டாகிவிடும்.

இக்குறையை நீக்கவே புற்றுநோய்ப் பதிவகங்கள் தோன்றின. பம்பாயில் 1963ஆம் ஆண்டிலும், தேசியத் திட்டத்தின் கீழ்ச் சென்னையில் 1980களின் தொடக்கத்திலும் அவை அமைந்தன. சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையம் இப்பணியை ஏற்றது. பதிவகத்தார் தகவல் வரட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைகளுக்குத் தாமே சென்று ஏடுகளைப் புரட்டுகின்றனர். நோயாளியின் குடியிருப்பைக் கேட்டு, உள்ளூராரைப் பிரித்து எண்ணுகின்றனர். இறப்புப் பதிவுகளோடு ஒத்துப்பார்க்கின்றனர். இவ்வாறு தேடி எண்ணத் தொடங்கியவுடன் ஓர் ஊரின் வீதம் உயரக்கூடும். அது நோயின் உயர்வன்று, அறிவின் உயர்வு.

ஆகவே மாணவர்களே, 'எங்கள் ஊரில் புற்றுநோய் மிகுந்துவிட்டது' என்ற பேச்சையோ, 'எங்கள் ஊரில் அந்நோயே இல்லை' என்ற பேச்சையோ கேட்கும்போது, எத்தனை பேருக்கு, எந்த வயதினருக்கு, எத்தனை ஆண்டுகளில், யார் எண்ணியது என்று வினவுங்கள். வினவாமல் அஞ்சுவோர் காரணமற்ற ஒன்றின்மேல் பழி சுமத்துவர். வினவாமல் அமைதி கொள்வோர் காப்பாற்றக்கூடிய உயிர்களை இழப்பர். நாட்டின் வீதம் என்று நாம் கூறுவது, பல்லாயிரம் வீடுகளில் நிகழ்ந்த சாவுகளை எழுதிச் சேர்த்த கூட்டுத்தொகையே. ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்தபோது அதன் காரணத்தை மருத்துவரிடம் கேட்டுச் சரியாக எழுதச் செய்வது, இறந்தவருக்குச் செய்யும் கடைசிக் கடமைகளுள் ஒன்று. அடுத்து நோயுறுவோருக்குச் செய்யும் முதல் உதவியும் அதுவே.