ஊசிக்குப் பின் வரும் மாதங்கள்
(திருவண்ணாமலை நண்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இரத்தக்கட்டி அடைத்து வரும் பக்கவாதத்திற்கு, நாலரை மணி நேரத்திற்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். ஆனால் சிகிச்சை அத்துடன் முடிவதில்லை. முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாயிருக்கும்; பிறகு மெதுவாகும், ஆனாலும் நின்றுவிடாது. பெரும்பாலும் கால் முதலில் தேறும், கை பின்தங்கும்.

14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்தவருக்கு, இப்போது கட்டிலிலிருந்து வாசல்வரை போவதே பெரும் பயணம். வீட்டார் இரக்கத்தால் எல்லாவற்றையும் தாங்களே செய்துவிடுகிறார்கள். சட்டைப் பொத்தானை அவரே போடட்டும். கால்மணி நேரமானாலும் பரவாயில்லை. கை அப்படித்தான் திரும்பக் கற்கும்.

பக்கத்து வேலூரில் 1966இல் மறுவாழ்வு நிலையம் திறந்தபோது அதை நடத்தியவர் டாக்டர் மேரி வர்கீஸ். விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியிலிருந்தே பணியாற்றியவர் அவர்.

உங்கள் காணிக்கை ஊசிக்கு மட்டுமல்ல, அதன்பின் வரும் பயிற்சி நாட்களுக்கும் தேவை.