இரத்தக் கொதிப்பும் மருந்து உண்ணும் ஒழுங்கும்

(ஆலய மண்டபத்தில் திருவிழாவையொட்டிப் பக்தர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும் என்பது முதுமொழி. காவடி ஏந்துவதற்கும், தேர்வடம் பிடிப்பதற்கும், பேரப்பிள்ளைகளின் திருமணத்தைக் கண்டு மகிழ்வதற்கும் உடல் என்னும் சுவர் உறுதியாக இருத்தல் வேண்டும். அச்சுவரைக் கறையானைப் போல ஓசையின்றி அரிக்கும் நோய் ஒன்று உண்டு. மருத்துவர் அதனை உயர் இரத்த அழுத்தம் என்பர். மக்கள் இரத்தக் கொதிப்பு என்றும், பிரஷர் என்றும், மலாய் மொழியில் டாரா திங்கி என்றும் வழங்குவர்.

பெயரில் கொதிப்பு இருந்தாலும் இரத்தம் கொதிப்பதில்லை. கோபம் வந்தால் மட்டுமே தோன்றுவதும் அன்று. இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடித்து இரத்தத்தைக் குழாய்களில் செலுத்துகிறது. அது சுருங்கும்போது குழாய்ச் சுவரில் விழும் அழுத்தம் மேல் எண். விரிந்து ஓய்வு கொள்ளும்போது உள்ள அழுத்தம் கீழ் எண். மருத்துவரின் அறையில் வெவ்வேறு நாள்களில் எடுத்த அளவுகள் 140/90 அல்லது அதற்கு மேல் நிலைத்து நின்றால், அது உயர் இரத்த அழுத்தம் எனக் கொள்ளப்படுகிறது. அழுத்தம் மிகுந்த நீர்க்குழாய் என்றேனும் ஓரிடத்தில் பழுதடைவது போல, மூளை, இதயம், சிறுநீரகம், கண் ஆகியவற்றின் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் சேதமுறுகின்றன. அதன் முடிவே பக்கவாதமும், மாரடைப்பும், சிறுநீரகச் செயலிழப்பும் ஆகும்.

எண்கள் கூறும் செய்தி

மலேசியாவில் 2023ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசிய உடல்நல ஆய்வின்படி, பெரியவர்களுள் 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் உள்ளது. இம்மண்டபத்தில் நூறு பெரியவர்கள் அமர்ந்திருந்தால், அவர்களுள் முப்பது பேர் அளவுக்கு இந்நோய் இருக்கக்கூடும் என்பது இதன் பொருள்.

இதனினும் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. இந்நாடு முழுவதும் 16,440 பேரைச் சோதித்து, 2008ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், இந்நோய் உடையவர்களுள் 34.6 விழுக்காட்டினரே தமக்கு அது இருப்பதை அறிந்திருந்தனர். 32.4 விழுக்காட்டினர் மருந்து உட்கொண்டனர். அவ்வாறு உட்கொண்டவர்களுள்ளும் 26.8 விழுக்காட்டினருக்கே அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. அதாவது நோயுடைய நூறு பேரில், மருந்தால் முழுப்பயன் பெற்றவர் ஒன்பது பேர் மட்டுமே.

இது மலேசியர்க்கு மட்டும் உரிய குறையன்று. நீண்டகால நோய்களுக்கு மருத்துவர் கூறியபடி மருந்தைத் தொடர்வோர் வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப்பேர்தாம் என உலகச் சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டின் அறிக்கையில் கூறியது. மருந்து கிடைத்தும் மக்கள் அதை ஏன் கைவிடுகின்றனர்?

காய்ச்சல் கற்பித்த பாடம்

இதற்கான விடையில் ஒரு பகுதி கிள்ளான் மண்ணின் வரலாற்றிலேயே உள்ளது. 1901ஆம் ஆண்டு மால்கம் வாட்சன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளானில் பொறுப்பேற்றார். இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அந்நாளில் மலேரியாக் காய்ச்சல் அவ்வட்டாரத்தில் பலரை மாய்த்தது. சதுப்பு நிலங்களை வடித்தும், காடுகளை அழித்தும் வாட்சன் அந்நோயைக் கட்டுப்படுத்தினார். தோட்டத் தொழிலாளர்க்குக் கொயினா மருந்தும் வழங்கப்பட்டது. பின்னர்த் தலைமுறை தலைமுறையாகத் தோட்ட மக்களுக்கு மருத்துவம் என்றால் தோட்டத்து டிரெசர் கொடுக்கும் மருந்தே ஆகும். காய்ச்சல் வரும், உடல் நடுங்கும், மருந்து உண்பர், காய்ச்சல் நீங்கும், மருந்தையும் நிறுத்துவர்.

அந்நோய்களைப் பொறுத்தவரை இந்த அறிவு வழிவழியாக வந்த அனுபவ அறிவே. ஆனால் அதே அளவுகோலைக் கொண்டு இரத்தக் கொதிப்பை அளந்தால் ஆபத்து நேர்கிறது. இந்நோய்க்குப் பெரும்பாலும் அறிகுறியே கிடையாது. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, ஆகவே நோயும் இல்லை என்று எண்ணி மாத்திரையை நிறுத்துவோர் பலர். கிளினிக்கில் அளந்தபோது 130/80 என்று வந்ததைக் கண்டு, குணமாகிவிட்டது என மகிழ்ந்து நிறுத்துவோரும் உளர். அந்த நல்ல எண் மாத்திரையால் வந்தது; மாத்திரையை விட்டால் எண் மீண்டும் ஏறும். குடை பிடித்தவர் நனையவில்லை என்பதற்காக மழை நின்றுவிட்டதாகக் கொள்ளலாகாது.

மருந்து இல்லாத காலம்

மருந்தின் அருமை, அது இல்லாத காலத்தை நினைத்தால் விளங்கும். அமெரிக்க அதிபர் பிராங்ளின் ரூசுவெல்ட் உலகின் மிகுந்த அதிகாரம் படைத்த மனிதராக விளங்கினார். 1944ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவருக்கு இரத்த அழுத்தம் 186/108 எனக் கண்டறியப்பட்டது. அதனை முறையாகக் குறைக்கும் மருந்து அன்று உலகில் இல்லை. 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் அவ்வழுத்தம் 300/190 வரை உயர்ந்து, மூளையில் இரத்தம் கசிந்து, தம் 63ஆம் வயதில் அவர் காலமானார்.

1967ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. கடுமையான இரத்தக் கொதிப்புடைய 143 பேருள் 73 பேருக்கு மருந்தும், 70 பேருக்கு மருந்தைப் போன்ற வெற்று மாத்திரையும் கொடுக்கப்பட்டன. வெற்று மாத்திரை உண்டவருள் 27 பேருக்குக் கடுமையான பாதிப்புகள் நேர்ந்தன. மருந்து உண்டவருள் அவ்வாறு பாதிக்கப்பட்டோர் இருவரே.

ரூசுவெல்டுக்குக் கிட்டாத அந்தப் பாதுகாப்பு, இன்று அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் இந்நாட்டுக் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிக் கட்டணத்தில், மருந்துடன் சேர்த்துக் கிடைக்கிறது. அதனைப் பெற்று வந்து அலமாரியில் அடுக்கி வைப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

மாத்திரையைப் பற்றிய அச்சங்கள்

நாள்தோறும் மாத்திரை உண்டால் சிறுநீரகம் கெடும் என்னும் அச்சம் பலரிடம் வேரூன்றியுள்ளது. உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. கட்டுப்படாத இரத்தக் கொதிப்பும் நீரிழிவுமே சிறுநீரகத்தைக் கெடுக்கும் முதன்மைக் காரணங்கள். இந்நாட்டில் 50,000க்கும் மேற்பட்டோர் இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சையில் உள்ளனர். மருந்தை நிறுத்தி நோயை வளரவிட்டு, பின்னர்ச் சிறுநீரகம் பழுதுற்றபோது, பழியை மாத்திரையின்மேல் சுமத்துவது முறையன்று. இரத்தக் கொதிப்பு மாத்திரைகளைத் தொடங்கிய பின் மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்வதும் சிறுநீரகத்தைக் காக்கும் பொருட்டே. மாறாக, மூட்டுவலிக்கென்று கடையில் தாமாகவே வாங்கி உண்ணும் சில வலிநிவாரணிகள் அழுத்தத்தை உயர்த்தவும், சிறுநீரகத்தைப் பாதிக்கவும் வல்லவை.

பக்க விளைவுகள் சிலருக்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. பெரிண்டோபிரில் போன்ற மாத்திரையால் வறட்டு இருமலும், அம்லோடிபினால் கணுக்கால் வீக்கமும் சிலருக்கு ஏற்படுவதுண்டு. அதற்கு வழி மாத்திரையைக் குப்பையில் எறிவதன்று; மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வதே. மாற்று மருந்துகள் பல உள்ளன.

ஆங்கில மருந்து வேண்டாம், மூலிகையே போதும் என்போர்க்கும் ஒரு வரலாறு உண்டு. சர்ப்பகந்தா என்னும் இந்திய மூலிகை வேர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்பதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், 1949ஆம் ஆண்டில் பிரித்தானிய இருதய மருத்துவ இதழில் எழுதி உலகறியச் செய்தார். 1952ஆம் ஆண்டில் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. ஆயினும் அது சிலருக்கு மனச்சோர்வை உண்டாக்கியது. காலப்போக்கில் அதனினும் ஏற்ற மருந்துகள் வந்தன. மூலிகைக்கும் அளவு உண்டு, பக்க விளைவு உண்டு என்பதே இதன் படிப்பினை. பாரம்பரிய மருந்து என்ற பெயரில் விற்கப்படும் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. ஸ்டீராய்டு இரத்த அழுத்தத்தை ஏற்றும். எனவே, எதனை உண்டாலும் அதனை மருத்துவர் அறியச் செய்தல் வேண்டும்.

வள்ளுவர் வகுத்த நான்கு

திருக்குறளில் மருந்து என்றே ஓர் அதிகாரம் உண்டு. மருத்துவத்திற்கு நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுவோர் என நான்கு கூறுகள் உண்டு என்பது அவ்வதிகாரம் தரும் தெளிவு. அவற்றுள் நான்காம் கூறு இன்று பெரிதும் மறக்கப்படுகிறது.

மருந்துறைகளில் குறிப்புகள் பெரும்பாலும் மலாய் மொழியில் உள்ளன. வயது முதிர்ந்த தாய்மார் பலருக்கு அவற்றைப் படிக்க இயலாது. செக்காலி செஹாரி என்றால் நாளுக்கு ஒரு முறை. செபெலும் மாக்கான் என்றால் உணவுக்கு முன். செலெப்பாஸ் மாக்கான் என்றால் உணவுக்குப் பின். பள்ளி செல்லும் பேரப்பிள்ளை ஒருவர் இதனைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிக் கொடுத்தால், அது பாட்டிக்குச் செய்யும் பெருந்தொண்டு.

மருந்தைப் பல் துலக்குவது, சாமி கும்பிடுவது போன்ற அன்றாடச் செயலோடு இணைத்துக்கொண்டால் மறதி குறையும். ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்தவுடன் உண்ணலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடவேண்டும். இரண்டையும் சேர்த்து உண்ணுதல் கூடாது. அண்டை வீட்டாரின் மாத்திரையைக் கடன் வாங்குவதும் கூடாது. கிளினிக்குக்குச் செல்லும் காலை வேளையில் மட்டும் மருந்தை உண்டு, நல்ல எண்ணைக் காட்டுவது மருத்துவரை ஏமாற்றுவது போலத் தோன்றினாலும், ஏமாறுபவர் நோயாளியே. விட்டுப்போன நாள்களை உள்ளபடி சொன்னால், மருத்துவரும் கடிந்துகொள்ளாமல் கேட்டு வழிகாட்டுதல் கடமையாகும்.

ஆலயமும் ஆரோக்கியமும்

விரதக் காலத்தில் மாத்திரையை நிறுத்துவது புண்ணியம் என்று சிலர் கருதுகின்றனர். மாத்திரை உணவன்று. ஒரு மிடறு நீருடன் மருந்து உண்பதால் விரதத்திற்குக் குறைவு வருமென்று எண்ணத் தேவையில்லை. தைப்பூசத்திற்கு நெடுநாள் விரதம் இருப்போரும், வெயிலில் நடப்போரும் விரதம் தொடங்குமுன் மருத்துவரைக் கண்டு, வேளையையும் அளவையும் கேட்டறிதல் நலம்.

உணவில் உப்பு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மலேசியர் உண்பது சராசரியாக 7.9 கிராம் என ஓர் ஆய்வு கணக்கிட்டது. கருவாடு, கிச்சாப், ஊறுகாய், அப்பளம், பாக்கெட் மீ ஆகியவற்றில் உப்பு மறைந்துள்ளது. அன்னதானச் சமையலில் சாம்பாருக்கும் மோருக்கும் உப்பைச் சற்றுக் குறைத்தால், உண்போர் அனைவருக்கும் அது நன்மை பயக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் ஆயினும் கிள்ளான் ஆயினும், வெள்ளிக்கிழமை மாலையில் மக்கள் தாமாகக் கூடும் இடம் ஆலயமே. மேல்கையில் கட்டும் அளவுக் கருவி ஒன்றும், ஐந்து நிமிடம் அமைதியாக அமர ஒரு நாற்காலியும், பயிற்சி பெற்ற தொண்டர் ஒருவரும் இருந்தால் போதும். தம் நோயை அறியாதவர் பலர் அதனை அறிந்துகொள்வர். அறிந்தவர் மருந்தைத் தொடர்கின்றாரா என்று அன்போடு கேட்பதற்கும் அங்கே ஆள் இருப்பர். வள்ளுவர் கூறிய நான்காம் கூறாக ஆலயமே அமையலாம்.

பெருமக்களே, இன்று இல்லம் திரும்பியதும் ஒவ்வொருவரும் மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சென்ற மாதம் தீர்ந்திருக்கவேண்டிய மாத்திரை மீதம் இருந்தால், அதற்குரிய காரணத்தை வீட்டாரோடு பேசுங்கள். அடுத்த முறை மருத்துவரிடமும் சொல்லுங்கள். எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் அனைவரும் நோயற்ற வாழ்வும் நீடித்த ஆயுளும் பெற்று விளங்குவார்களாக.