ஆஸ்பத்திரியில் பெரியவர்களையும் பேச விடுவோம்

(தோட்டத் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேசிப் பழகிய கூட்டம் இது. அவை எங்கும் ஓடிவிடாது. இன்று கொஞ்ச நேரம், நம் லயத்துப் பெரியவர்களை அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற விஷயத்தைப் பேசுவோம்.

ராத்திரியில் ஒரு தாத்தாவுக்கு மூச்சு வாங்குகிறது. 1990க்கு அடிக்கிறோம். 2016இல் தொடங்கிய அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் காசு கிடையாது, நமக்கு அது பெரிய உதவி. ஆனால் நம் தோட்டத்துப் பாதை இருக்கிற லட்சணத்தில் அது எல்லா லயத்துக்கும் ஏறி வருமா? தாத்தாவைக் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடுகிறோம். இல்லாவிட்டால் தோட்ட லொறி. அந்த நேரத்தில் யார் கையில் அகப்பட்டாரோ அவர்தான் கூடப் போகிறார். தாத்தா என்ன குளிசை குடிக்கிறார் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் டொக்டர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வது அவர்தான். தாத்தா முழித்துக்கொண்டுதான் கிடக்கிறார். அவரை யாரும் கேட்பதில்லை.

ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். எழுபது தாண்டிய அம்மாயி ஒருவர் பீலியடியில் மயங்கி விழுந்தார். “வயசு போயிருச்சு, சாப்பிடுறதும் இல்ல” என்று மகன் சொன்னார். அதையே எழுதி வாட்டில் நிப்பாட்டினார்கள். பின்னேரம் தமிழ் தெரிந்த சிற்றூழியர் ஒருவர் பக்கத்தில் குந்தி, “என்னம்மா செய்யுது?” என்று கேட்டார். அப்போதுதான் வெளியே வந்தது. முழங்கால் வலிக்குக் கடையில் குளிசை வாங்கி மாதக்கணக்காகக் குடித்திருக்கிறார். நாலு நாளாக மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போயிருக்கிறது. அந்தக் குளிசை வயிற்றைப் புண்ணாக்கி, உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மகன் முன்னால் இதை எப்படிச் சொல்வது என்று அம்மாயி வாயை மூடிக்கொண்டிருந்தார். மகன் மேலும் குற்றம் இல்லை, அவருக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார்.

பெரியவர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதிகள் இப்படி நிறைய உண்டு. கிளினிக் குளிசையைப் பாதியில் நிறுத்தியது, பக்கத்து வீட்டுக் குளிசையைக் குடித்துப் பார்த்தது, நாட்டு மருந்து, சாராயம். பிள்ளைகள் முன்னால் இவை வராது. “நீங்கள் கேளுங்கள் டொக்டர், நாங்கள் வெளியில் நிற்கிறோம்” என்று சொல்லிக் கொஞ்சம் விலகி நின்றாலே போதும்.

கை கால் இழுத்துக்கொண்டால் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று டொக்டர் கேட்பார். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், அதற்காகத்தான் கேட்கிறார். விடியற்காலையிலேயே கை மரத்துப் போயிருக்கும். மகளுக்கு ஒருநாள் பேர் போய்விடுமே என்று அப்பாயி பேசாமல் படுத்திருப்பார். அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

இன்னொன்று, “ஹரி”. டொக்டர் சிங்களத்தில் எதைக் கேட்டாலும் நம் பெரியவர்கள் தலையை ஆட்டி “ஹரி, ஹரி” என்கிறார்கள். துரைமாருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல். விளங்கியது என்றும் அதற்கு அர்த்தம் இல்லை, சம்மதம் என்றும் இல்லை. சத்திரசிகிச்சை என்றால், சுயநினைவோடு விளங்கிக்கொள்ளக்கூடியவர் தானே சம்மதித்துக் கையெழுத்தோ பெருவிரலோ வைக்க வேண்டும். என்ன செய்யப் போகிறார்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று தமிழில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு வைக்கட்டும். நினைவில்லாதவருக்கு உயிர் காக்க வேண்டியதை டொக்டர்மார் செய்வார்கள், அது வேறு.

திடீரென்று பெனாத்தத் தொடங்கினால், “வயசுக் கோளாறு” என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடக்கூடாது. “நேற்று வரைக்கும் நல்லாப் பேசினார்” என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கிருமித் தொற்று, சீனி குறைவது போன்றவற்றாலும் புத்தி தடுமாறும். கண்ணாடியையும் பல்செட்டையும் லயத்தில் விட்டுவிட்டுப் போனால், தெளிவாக இருப்பவரே குழம்பியவர் மாதிரித்தான் தெரிவார். எந்தக் காது கேட்கும் என்பதையும் நேர்ஸிடம் சொல்லுங்கள்.

ஆகவே ஒவ்வொரு காம்பராவிலும் கிளினிக் கொப்பி, குளிசைப் பைக்கற்றுகள், அடையாள அட்டை எல்லாம் ஒரே பையில், கதவுப் பக்கத்தில் தொங்கட்டும். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று பெரியவரிடமே கேட்டு கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். துண்டு வெட்டும்போது மருந்து விபரத்தை மகனிடம் மட்டும் சொல்லி அனுப்பினால், அவருக்கும் ஒருதரம் சொல்லும்படி கேளுங்கள்.

இதெல்லாம் நம் பக்கத்து வேலை. மறுபக்கமும் இருக்கிறது. 1987இல் அரசியலமைப்பிலேயே தமிழும் அரச கரும மொழி என்று எழுதியாகிவிட்டது. அப்படியிருக்க, சிற்றூழியர் ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் ஒரு தொழிலாளி தன் நோயைச் சொல்ல முடியும் என்றால் அதை நாம் ஏற்க முடியாது. நோயாளியை நிப்பாட்டும் இடத்தில், ராத்திரியிலும், தமிழில் கேட்டு எழுதக்கூடிய ஒருவர் இருக்க வேண்டும். பெரியவரோடு போகிறவருக்கு அன்றைய பேரை வெட்டக்கூடாது என்று தோட்ட நிர்வாகத்தையும் கேட்கிறோம்.

இரண்டு மனுக்களும் வாசல் மேசையில் இருக்கின்றன. பென்ஷன் போன பெரியவர்களையும் கூட்டி வந்து கையெழுத்து வாங்குங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு மைப் பெட்டியும் வைத்திருக்கிறோம். வைக்கும் முன்னால் மனுவை வாசித்துக் காட்டுங்கள்.