கல் கரையும் கதை



எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள் பெரியவர்கள். மழைநீர் ஊர்ந்தாலோ சுண்ணாம்புக்கல் தேய்வது மட்டுமல்ல, கரைந்தே போகும். பத்துமலைக் குகையும், ஈப்போவைச் சுற்றியுள்ள குகைகளும் அப்படி உண்டானவைதாம். அது எப்படி நடக்கிறது என்று இன்று பார்ப்போம்.

மழைத்துளி காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு இறங்குகிறது. இலைதழை மக்கும் மண்ணில் அந்த வாயு இன்னும் மிகுதி. அதனால் நீர் லேசான அமிலமாகிறது.

சுண்ணாம்புக்கல் கால்சைட் என்னும் படிகங்களால் ஆனது. படிகத்திற்குள் கால்சியம் அயனிகளும் கார்பனேட் அயனிகளும், செங்கல் அடுக்கியதுபோல் ஒழுங்காக அமைந்துள்ளன. நடுவே உள்ள அயனியை அக்கம்பக்கத்து அயனிகள் இறுகப் பிடித்திருக்கும். வரிசையின் ஓரத்தில் இருப்பதற்குப் பிடி குறைவு. வரிசை பாதியில் நின்றுபோன மூலையில் இருப்பதற்கோ இன்னும் குறைவு. நீர் முதலில் அதைத்தான் கழற்றும். அது போனதும் அடுத்தது மூலையாகிறது, அதுவும் போகிறது. பாயின் ஓரம் பிரிந்தால் கோரை கோரையாகக் கழல்வதை நாம் பார்த்ததில்லையா? அதே கதைதான்.

இது வெறும் ஊகமன்று. 1986-இல் அணுவிசை நுண்ணோக்கி வந்தது. அதன்பின், நீருக்குள் கால்சைட் கரைவதை அறிஞர்கள் அக்கருவியின் வழி கண்டார்கள். அடுக்கில் குறையுள்ள இடத்தில் சாய்சதுரக் குழி விழுகிறது. பிறகு அகன்றுகொண்டே போகிறது. ஓர் அடுக்கின் உயரம் சுமார் 0.3 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் கல் கரைய 30 லட்சம் அடுக்குகளுக்குமேல் உரிய வேண்டும்!

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். தோட்டத்து மண்ணின் புளிப்பைக் குறைக்கச் சுண்ணாம்புக்கல்லைப் பொடியாக்கித் தூவுகிறோம். பொடியில் நீர் படும் பரப்பும் ஓரங்களும் அதிகம். ஆகவே விரைவில் கரைகிறது.

இன்னொன்றும் உண்டு. மலையிலும் நீர் வெடிப்புகளைத் தேடி இறங்கி, ஆண்டாண்டாக அவற்றை அகலமாக்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் மலை உறுதியாகவே தெரியும். 1973-இல் ஈப்போவின் குனோங் செரோவில் சுண்ணாம்புப் பாறை சரிந்து விழுந்து சுமார் 40 பேர் மாண்டனர். ஆகவே, செங்குத்தான சுண்ணாம்புக் குன்றின் அடியை ஒட்டிக் குடியிருப்பதும், பிள்ளைகளை அங்கே விளையாட விடுவதும் ஆபத்து. புதிய வெடிப்பையோ, புதிதாக விழுந்த கற்களையோ கண்டால் உடனே விலகிச் சென்று, அதிகாரிகளுக்குத் தெரிவிப்போம்.

கல் கரைவது நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது கரைந்துகொண்டேதான் இருக்கிறது. அதை அறிந்து நடந்தால் நமக்கு நன்மை.