நெறி கட்டினால் சும்மா விடாதீர்கள்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஓர் ஆசிரியர் ஆற்றிய உரை)



பரிசு கொடுக்கிற நாளில் நோயைப் பற்றிப் பேசுவானேன் என்று நினைக்காதீர்கள். பெற்றோர் எல்லோரும் ஒன்றாகக் கூடுவது இன்றைக்குத்தான். நான் டாக்டர் இல்லை. படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டும். தொண்டைப் புண் வந்தால் கழுத்தில் நெறி கட்டும். இது நமக்கெல்லாம் தெரியும். அந்த நெறிதான் நிணநீர்க் கணு. கிருமி உடம்புக்குள் பரவாமல் தடுக்கும் காவல்காரர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். புண் ஆறினால் வீக்கமும் வற்றிவிடும்.

சில வேளையில் அந்தக் காவல்கார அணுக்களே கட்டுக்கடங்காமல் பெருகிவிடும். அதுதான் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய். 1832ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் தாமஸ் ஹாட்கின் இதில் ஒரு வகையை விவரித்து எழுதினார். அந்த வகைக்கு இன்றும் அவர் பெயர்தான். இளவயதினரையும் அது விடுவதில்லை.

கழுத்திலோ, அக்குளிலோ, தொடை இடுக்கிலோ வந்த வீக்கம் இரண்டு மூன்று வாரமாகியும் வற்றாவிட்டால் கவனியுங்கள். பெரும்பாலும் இந்தக் கட்டி வலிக்காது. "வலிக்கலையே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விடுவதுதான் ஆபத்து. காரணமில்லாத காய்ச்சல், இரவில் படுக்கை நனையும் வியர்வை, உடல் இளைப்பு இவையும் சேர்ந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

கழுத்துக் கட்டியெல்லாம் புற்றுநோய் ஆகிவிடாது. காசநோயாலும் வரும், அதைத்தான் முன்னோர் கண்டமாலை என்றார்கள். எது என்று கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. கணுவை வெட்டியெடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டும். "கத்தி பட்டால் நோய் பரவிடும்" என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படிப் பரவாது. அந்தச் சோதனை இல்லாமல் சரியான மருந்தும் கிடைக்காது.

சரி, குணமாகுமா? பலருக்குக் குணமாகும். ஹாட்கின் வகையை முன்கட்டத்தில் கண்டுபிடித்து நல்ல சிகிச்சை கொடுத்தால், பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் பிழைத்துக்கொள்கிறார்கள். வேகமாக வளரும் வேறு வகைகளிலும் பலர் குணமடைகிறார்கள். மெதுவாக வளரும் சில வகைகள் முழுதாகப் போவது அரிது. ஆனால் பல ஆண்டுகள் அடக்கி வைத்து வாழலாம். நான்காம் கட்டம் என்று சொன்னாலும் இந்த நோயில் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை.

நம் அண்டை நாட்டையே பாருங்கள். சிங்கப்பூரின் லீ சியென் லூங்குக்கு 1992இல், அவர் துணைப் பிரதமராக இருந்தபோது, லிம்போமா கண்டது. கீமோதெரபி பெற்றுத் தேறினார். 2004 முதல் 2024 வரை பிரதமராக நாட்டை ஆண்டார்.

கீமோதெரபி என்பது நரம்பில் மருந்து ஏற்றுவது. இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒரு தரமாகச் சில மாதங்கள் நடக்கும். தேவைப்பட்டால் கதிர்வீச்சும் கொடுப்பார்கள். நோய் திரும்பினால் சிலருக்குக் குருத்தணு மாற்றுச் சிகிச்சையும் உண்டு.

அந்த மருந்துகளில் ஒன்று, நம் லயத்து வாசலில் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்து வந்தது. 1958இல் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதற்காக இலையைக் கொதிக்க வைத்துக் குடித்துவிடாதீர்கள்! அது நஞ்சு. அளவறிந்து கொடுத்தால்தான் மருந்து.

முடி கொட்டும், வாந்தி வரும், உடம்பு சோரும். பிறகு முடி வளர்ந்துவிடும். ஆனால் சிகிச்சை நடக்கும்போது காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இரண்டு தரம் மருந்து ஏறியதும் கட்டி கரைந்துவிடலாம். "நல்லாயிடுச்சு, சம்பளம் போகுது" என்று பாதியில் நிறுத்தினால் நோய் மறுபடியும் தலைதூக்கும். அப்போது அடக்குவது கடினம்.

செலவை நினைத்துப் பின்வாங்காதீர்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். அங்கே கடிதம் வாங்கிக்கொண்டு ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனைக்குப் போகலாம். இரத்த நோய்களுக்கென்று அம்பாங் மருத்துவமனையும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் வேலைச் சட்டப்படி ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள்.

மாணவச் செல்வங்களே, இந்த நோய் தொற்றாது. முடியில்லாத தலையோடு உங்கள் நண்பன் வகுப்புக்கு வந்தால் கேலி செய்யாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக்கொடுங்கள். இன்றிரவு வீட்டில் யார் கழுத்திலாவது வற்றாத கட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் நாளைக்கே கிளினிக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.