கையில் கட்டும் சாட்சி
(தோட்டத் தொழிலாளர் இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கைக்கடிகாரத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்று நாம் அழைக்கப்பட்டிருக்கிறோம். சம்பளம், வீடு, மருத்துவம் என்று எத்தனையோ பெரிய விஷயங்கள் இருக்க, இந்தச் சின்னச் சாமான் ஒரு கூட்டத்துக்குப் பொருளா என்று சிலர் எண்ணலாம். சம்பளத்தைக் கேட்டு வாங்குவது பாதி வேலை; வாங்கிய சம்பளத்தை ஏமாறாமல் செலவிடுவது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

இளைஞர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி இது: "கையில் இருப்பது முந்நூறு வெள்ளி. ரோலெக்ஸ் போலவே நகல் கடிகாரங்கள் விற்கிறார்களே, அவற்றில் எதை வாங்கலாம்?" கோலாலம்பூர் பெட்டாலிங் தெருவிலும், பாசார் மாலாம்களிலும், இன்று கைப்பேசியிலும் இந்தச் சரக்கு கிடைக்கிறது. கேட்ட கேள்விக்கு நேராகவே பதில் சொல்வோம்.

முதலில் ஒன்று. இந்த ஆசையை நாம் ஏளனம் செய்யவில்லை. ஒரு காலத்தில் தோட்டத்தில் கடிகாரம் துரையின் கையில் இருந்தது. கிராணியின் கையில் இருந்தது. பால்வெட்டுத் தொழிலாளியோ பெரட்டுக்கு அடிக்கும் மணியைக் கேட்டு எழுந்தார். நேரம் என்பது மற்றவர் சொல்லித் தெரிய வேண்டிய பொருளாக இருந்தது. அப்படிப்பட்ட பரம்பரையில் வந்த ஓர் இளைஞன் நல்ல கடிகாரம் கட்டி நாலு பேர் முன் நிற்க விரும்பினால் அதில் தவறு என்ன?

கடிகாரத்துக்கும் தொழிலாளிக்கும் உள்ள உறவு வெறும் அலங்கார உறவன்று. பிரிட்டனில் 19-ம் நூற்றாண்டு ஆலைகளைப் பற்றி அக்காலத்தில் எழுதி வைத்தவர்கள் ஒரு செய்தியைச் சொல்கிறார்கள். சில ஆலைகளில் முதலாளிமார் சுவர்க் கடிகாரத்தைக் காலையில் முன்னே தள்ளியும் மாலையில் பின்னே தள்ளியும் வைத்து, கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள். சொந்தக் கடிகாரத்தைச் சட்டைப்பையில் எடுத்துச் செல்லத் தொழிலாளர்கள் அஞ்சினார்கள். நேரம் தெரிந்தவன் தொல்லை தருவான் என்பது மேலாளர்களின் கணக்கு. நம் நாட்டில் 1.1.2023 முதல் தீபகற்ப மலேசியாவின் வேலைச் சட்டத்தில் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. அந்த மூன்று மணி நேரத்தை எண்ணிப் பார்க்க ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சிதான் கடிகாரம். சாட்சி உண்மையானதாக இருக்க வேண்டும் அல்லவா?

இப்போது நகல் கடிகாரத்தைத் திறந்து பார்ப்போம். விற்பவன் "ஏ தரம்", "டபுள் ஏ தரம்", "சூப்பர் குளோன்" என்று அடுக்குகிறான். இவற்றை எந்த அரசாங்கமும் எந்த ஆய்வுக்கூடமும் வகுத்துத் தரவில்லை. விற்பவனே வைத்த பெயர்கள் அவை. மலிவானதில் ஒரு சாதாரண பாட்டரி இயந்திரம் இருக்கும். முகப்பில் சுற்றும் சிறிய வட்டங்கள் மூன்று தெரியும். அவற்றில் சில வெறும் படமாகவே இருக்கும், வேலை செய்யா. தங்கம் போன்ற நிறம் மட்ட உலோகத்தின் மேல் பூசிய பூச்சு. வியர்வை பட்டுப் பூச்சு உரிந்தால் அடியில் உள்ள நிக்கல் சிலருடைய தோலில் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். விலை உயர்ந்த நகலில் தானே சாவி ஏறும் இயந்திரம் இருக்கும். அது பழுதானால் உரிய உதிரிப்பாகம் கேட்டு எந்தக் கம்பெனியிடம் போவது? பெயர் பொறித்திருக்கும் கம்பெனி அதைத் தொடாது. செய்தவன் யாரென்றே நமக்குத் தெரியாது.

முகப்பில் "300 மீட்டர்" என்று எழுதியிருக்கும். எழுதுவதற்கு மை போதும். தண்ணீரைத் தடுப்பது முதுகு மூடியைச் சுற்றியும் திருகுக் குமிழைச் சுற்றியும் உள்ள மெல்லிய இரப்பர் வளையம். இரப்பரைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வளையம் சரியாகப் பொருந்தாவிட்டால் ஒரு மழைநாள் வெட்டிலேயே கண்ணாடிக்குள் பனி படரும்.

சரி, உண்மையான ரோலெக்ஸ் வாங்க முடியாத ஏழைக்கு வேறு வழி என்ன என்று கேட்பீர்கள். இதே கேள்வியை 150 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கேட்டார். அவர் பெயர் ஜார்ஜ் பிரடெரிக் ரோஸ்காப். 1813-ல் ஜெர்மனியின் பாடன் பகுதியில் பிறந்து, சுவிட்சர்லாந்தில் கடிகாரத் தொழில் நடத்தியவர். அக்காலத்தில் நல்ல கடிகாரம் பணக்காரர்களின் பொருள். உழைப்பவனும் வாங்கத்தக்க நல்ல கடிகாரம் ஒன்றை 20 பிராங்குக்குத் தர வேண்டும் என்று அவர் தீர்மானித்தார். அது ஒரு சாதாரணத் தொழிலாளியின் ஏறத்தாழ ஒரு வாரக் கூலி. வழக்கமான கடிகாரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் இருக்க, அவர் அவற்றை 57 ஆகக் குறைத்தார். வெள்ளிக் கூட்டை நீக்கி மலிவான உலோகக் கூடு போட்டார். முள்ளை விரலாலேயே திருப்பிக்கொள்ளும்படி செய்தார். அழகைக் குறைத்தாரே ஒழிய வேலையில் குறை வைக்கவில்லை. 1867-ல் வெளிவந்த அந்தக் கடிகாரத்துக்கு வழங்கிய பெயர் "பாட்டாளிக் கடிகாரம்"!

அது வெற்றி பெற்ற பிறகு நடந்ததையும் கேளுங்கள். ரோஸ்காப் என்ற பெயரையும், அதைப் போல ஒலிக்கும் பெயர்களையும் பொறித்துப் போலிகள் கிளம்பின. ஆக, போலிக்காரன் பணக்காரனின் பெயரை மட்டும் திருடுபவன் அல்லன். பாட்டாளியின் கடிகாரத்தையும் திருடியவன். ஏழைக்காக நகல் செய்து தருகிறேன் என்று அவன் சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்த பெரிய மாற்றம் 25.12.1969 அன்று வந்தது. ஜப்பானின் செய்க்கோ நிறுவனம் அன்று "அஸ்ட்ரான்" என்ற குவார்ட்ஸ் கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. விலை 4,50,000 யென். அப்போது ஒரு சிறு மோட்டார் காரின் விலைக்கு ஒப்பானது. குவார்ட்ஸ் என்பது ஒரு படிகக்கல். இன்றைய கடிகாரங்களில் அது மின்சாரத்தின் தூண்டுதலால் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த அதிர்வை எண்ணித்தான் கடிகாரம் நேரம் காட்டுகிறது.

இந்தப் புதுமையைச் சுவிஸ் முதலாளிகள் காலத்தில் பற்றிக்கொள்ளவில்லை. அடி யார் தலையில் விழுந்தது? 1970-ல் சுவிஸ் கடிகாரத் தொழிலில் ஏறத்தாழ 90,000 பேர் வேலை செய்தார்கள். 1980-களின் நடுவில் மிஞ்சியவர்கள் ஏறத்தாழ 30,000 பேர்தான். இரப்பர் விலை விழுந்தபோது நாம் பட்ட பாட்டை அவர்களும் பட்டார்கள். அந்தத் தொழிலைத் தூக்கி நிறுத்தியவற்றுள் ஒன்று மலிவான பிளாஸ்டிக் கடிகாரம். 1983-ல் வெளிவந்த "ஸ்வாட்ச்" அது. அதன் உறுப்புகள் 51. யாருடைய பெயரையும் இரவல் வாங்காமல், மலிவு என்பதை மறைக்காமல், தன் பெயரிலேயே அது விலை போயிற்று.

ஒரு வேடிக்கையும் உண்டு. ரோலெக்ஸ் நிறுவனம் தன் கடிகாரம் ஒரு நாளில் இரண்டு நொடிக்கு மேல் கூடவோ குறையவோ செய்யாது என்கிறது. சாவியால் ஓடும் இயந்திரத்துக்கு அது பெரிய சாதனை. ஆனால், 1989 முதல் விற்கப்படும் கேசியோ எப்-91டபிள்யூ என்ற சிறு கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தவறு ஒரு மாதத்துக்கே 30 நொடி என்பது அதைச் செய்தவர்களின் கணக்கு. பாட்டரி ஏறத்தாழ ஏழு ஆண்டு வரும். விலையோ நம் ஒருசில நாள் கூலிக்குள் அடங்கும். நேரம் காட்டும் வேலையில் ஏழையின் கடிகாரம் செல்வரின் கடிகாரத்துக்குத் தாழ்ந்ததன்று.

ஆகவே, கேட்ட கேள்விக்கு நம் பதில் இதுதான்: நகலில் நல்ல நகல் என்று தேடாதீர்கள். அதே பணத்துக்குத் தன் சொந்தப் பெயரில் நிற்கும் கடிகாரத்தை வாங்குங்கள். வாங்கும் முறையையும் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, விலைக்கு ஓர் எல்லை. ரோஸ்காப் வைத்த அளவையே நாமும் வைத்துக்கொள்வோம்: அதிகம் போனால் ஒரு வாரக் கூலி. 2025-ல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். ஆறு நாளுக்கு ஏறத்தாழ 390 வெள்ளி. அதற்கு மேல் கடன் பட்டும் தவணை கட்டியும் கடிகாரம் வாங்குவது வேண்டாம். அந்த எல்லைக்குள் நல்ல கடிகாரங்கள் தாராளமாக இருக்கின்றன.

இரண்டாவது, வேலைக்குத் தக்க கடிகாரம். பால்வெட்டுத் தோழர்களுக்கு விடியுமுன் இருட்டிலேயே வேலை. ஆகையால் விளக்குப் பொத்தான் உள்ளதாகப் பாருங்கள். மழை, வியர்வை, பால் எல்லாம் படும். தோல் பட்டை சீக்கிரம் நாறிப் போகும், பிசின் பட்டை நல்லது. "3 பார்" அல்லது "30 மீட்டர்" என்றால் முப்பது மீட்டர் ஆழத்தில் முங்கலாம் என்று பொருளன்று. மேலே தெறிக்கும் தண்ணீரைத்தான் தாங்கும். "5 பார்" இருந்தால் கைகால் கழுவலாம், மழைக்கும் அஞ்ச வேண்டாம். ஆற்றில் நீந்துபவர்கள் "10 பார்" உள்ளதை வாங்குங்கள். அலுவலகத்தில் இருக்கும் கிராணிமார்களுக்குத் தேதியும் கிழமையும் காட்டும் மெல்லிய முள் கடிகாரம் ஏற்றது. அவர்களுக்கு "3 பார்" போதும்.

மூன்றாவது, இயந்திரம். முந்நூறு வெள்ளிக்குப் பாட்டரிக் கடிகாரமே சிக்கனம். வெளிச்சத்தில் மின்னேற்றம் பெறும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. அடிக்கடி பாட்டரி மாற்றும் செலவு மிச்சம். பாட்டரி தீர்ந்தால் உடனே எடுத்துவிடுங்கள். தீர்ந்த பாட்டரி கசிந்து இயந்திரத்தை அரித்துவிடும்.

நான்காவது, தோற்றம். ரோலெக்ஸ் போன்ற அழகுதான் வேண்டும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. சுழலும் வளையம், கருப்பு முகப்பு, எஃகுச் சங்கிலி என்று அதே சாயலில் செய்து, தங்கள் சொந்தப் பெயரையே பொறித்து விற்கும் கம்பெனிகள் பல உள்ளன. சாயல் வேறு, திருட்டுக் கையெழுத்து வேறு. அப்பன் சாயலில் பிள்ளை இருப்பதை யாரும் குற்றம் சொல்வதில்லை. அப்பன் கையெழுத்தைப் போட்டுப் பணம் எடுத்தால்தான் குற்றம்.

ஐந்தாவது, ரசீது. நாம் சொன்ன மலிவான கேசியோவுக்கும் போலி உண்டு. வலப்புறப் பொத்தானை மூன்று நொடி அழுத்திப் பிடித்தால் உண்மைக் கடிகாரத்தில் "கேசியோ" என்ற பெயர் தோன்றும். போலிக்காரன் நாளைக்கு அதையும் கற்றுக்கொள்வான். ஆகையால் கடையும் ரசீதும் உத்தரவாதச் சீட்டுமே உறுதியான காவல். கடைக்காரர் ஏமாற்றினால், 1999-ம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம். 2019 முதல் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை, நம் வாயே போதும். பாசார் மாலாமில் நகல் விற்றவனை எந்த மன்றத்தில் நிறுத்துவது? போன வாரம் இருந்த மேசை இந்த வாரம் இல்லை. போலி வணிகக் குறி இட்ட பொருளை விற்பது நம் நாட்டுச் சட்டப்படி குற்றம். ரசீது கொடுத்தால் அதுவே அவனுக்கு எதிரான சாட்சி ஆகிவிடும் என்பதால்தான் அவன் ரசீது கொடுப்பதில்லை.

பெண்ணைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாப்பிள்ளைக்குக் கடிகாரம் போடுவது நம்மிடையே உள்ள வழக்கம். பெரிய பெயர் பொறித்த நகலை வாங்கிப் போட்டுவிட்டு, பின்னாளில் ஒரு முடைக்கு அவர் அதை அடகுக் கடைக்கு எடுத்துச் சென்றால் என்ன ஆகும்? அங்கே மூடியைத் திறந்து பார்ப்பார்கள். கடிகாரம் ஒரு காசு பெறாது. அதைவிட, அன்று மாமனார் வீட்டின் பெயரும் சேர்ந்து கெடும். இருநூறு வெள்ளிக்கு வாங்கிய நேர்மையான கடிகாரத்தை இருநூறு வெள்ளிக் கடிகாரம் என்று சொல்லியே கொடுங்கள். அதைக் கட்டிக்கொள்ள வெட்கப்படுகிற மாப்பிள்ளையை இன்னும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்!

கடைசியாக ஒன்று. நாம் தொழிற்சங்கத்தார். ஒரு பொருளைப் பார்க்கும்போது அதைச் செய்த கைகளையும் நினைக்கக் கடமைப்பட்டவர்கள். தன் பெயரை வெளியே சொல்ல முடியாத பட்டறை, தன் தொழிலாளிக்குச் சம்பளச் சீட்டு எப்படித் தரும்? விபத்து நேர்ந்தால் நஷ்ட ஈடு யாரிடம் கேட்பது? முதலாளி யாரென்று தெரியாத இடத்தில் சங்கம் எங்கே நுழையும்? நகலுக்கு நாம் கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளியும் அப்படிப்பட்ட இருட்டுப் பட்டறைக்குத்தான் போய்ச் சேரும்.

இந்த மாதம் கடிகாரம் வாங்க எண்ணியிருக்கும் தோழர்கள், கூட்டம் முடிந்ததும் முன்னே வாருங்கள். எவ்வளவு பணம், என்ன வேலை என்று சொன்னால், சேர்ந்து உட்கார்ந்து பார்த்து முடிவு செய்வோம்.