பெயர் எழுதி வைத்த ஆட்டம்

வாசகர் வட்டத்துப் பெரியவர்களே, எலவனாசூர்கோட்டைத் தாய்மார்களே, நேற்று ராத்திரி முழுக்க மின்னொளியில் கபடி ஆடிவிட்டுக் கண் சிவக்க முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளே!

அமெரிக்காவின் பேஸ்பால் வீரர்களைப் பற்றி நான் பேசப் போவதாக நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு டீக்கடையில் ஒருவர் கேட்டாராம், “சேலம் ரோட்டில் இருக்கிற நம்ம ஊருக்கும் அந்த ஆட்டத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?” என்று. நியாயமான கேள்வி. அந்த ஆட்டத்தை உங்களிடம் பரப்ப நான் வரவில்லை. ஆடியவர்களை அந்த நாடு எப்படி வைத்திருக்கிறது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கிட்டிப்புள் ஆடிய கைக்குப் பேஸ்பால் ஐந்து நிமிடத்தில் பிடிபடும். ஒருவர் எறிகிறார். ஒருவர் உருட்டு மட்டையால் அடிக்கிறார். அடித்தவர் நாலு மூலையையும் தொட்டுத் திரும்பி வந்தால் ஒரு ஓட்டம். வேலியைத் தாண்டி அடித்துவிட்டால் ஹோம் ரன். நடந்துகூட வரலாம், யாரும் கேட்கமாட்டார்கள். மூன்று தடவை தவறவிட்டால் வெளியே. மிச்சச் சட்டதிட்டங்களை நடுவர்களுக்கு விட்டுவிடுவோம்.

அந்த ஆட்டத்தின் முதல் பெரிய மனிதர் என்று நான் நினைப்பவர் மட்டை பிடித்துப் பேர் வாங்கியவர் அல்ல. ஹென்றி சாட்விக் என்ற பத்திரிகைக்காரர். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர். ஆட்டம் முடிந்ததும் கைதட்டிவிட்டு எழுந்து போக அவருக்கு மனம் வரவில்லை. 1859-இல் ஒரு கட்டம் போட்டார். இந்தப் பக்கம் ஆடியவர் பெயர், அந்தப் பக்கம் எத்தனை அடி, எத்தனை ஓட்டம், எத்தனை பேரை வெளியேற்றினார் என்று வரிசை. மூன்று முறை தவறவிட்டு வெளியேறியவருக்கு ‘கே’ என்று ஓர் எழுத்து. முழு ஆட்டமும் உள்ளங்கை அகலத்தில் அடங்கிவிட்டது. மறுநாள் பேப்பரில் அந்தக் கட்டத்தைப் பார்த்தால் போதும், நேரில் போகாதவனுக்கும் ஆட்டம் தெரிந்துவிடும். பாக்ஸ் ஸ்கோர் என்று அதற்குப் பெயர். கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் 1939-இல் அந்த ஆட்டத்தின் நாயகர்களுக்காக ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். அதில் இடம் பெற்றவர்களில், எழுதியதற்காகவே இடம் பெற்ற சாட்விக்கும் ஒருவர்.

அந்த அருங்காட்சியகத்துக்கு முதலில் தேர்வான ஐந்து பேரில் பேப் ரூத்தின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 714 ஹோம் ரன். 1974-இல் அந்தக் கணக்கை ஹேங்க் ஆரன் தாண்டினார். கறுப்பினத்தவர் ஒருவர் தாண்டப் போகிறாரே என்று அவருக்குக் கொலை மிரட்டல் கடிதங்கள் குவிந்தன. அவர் 755-இல் போய்த்தான் நின்றார்.

எனக்கு இன்னும் நெருக்கமானவர் ராபர்ட்டோ கிளெமென்டே. போர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்தவர். 1972 செப்டம்பர் 30 அன்று அவருடைய 3,000-ஆவது வெற்றி அடி விழுந்தது. அந்த டிசம்பரில் நிகரகுவா நாட்டில் பெரிய நிலநடுக்கம். அனுப்பிய நிவாரணப் பொருள்கள் மக்கள் கைக்குப் போய்ச் சேரவில்லை என்று கேள்விப்பட்டு, தானே விமானத்தில் ஏறினார். டிசம்பர் 31 இரவு அந்த விமானம் கடலில் விழுந்தது. அவருடைய கணக்கு 3,000-த்திலேயே நின்றுவிட்டது. 2,999 இல்லை, 3,001 இல்லை. ஒவ்வோர் அடியையும் எவரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார், அதனால் நமக்குத் தெரிகிறது.

இப்போது உங்களை 1936-ஆம் ஆண்டு பெர்லின் நகரத்துக்கு அழைத்துப் போகிறேன். ஹிட்லர் நடத்திய ஒலிம்பிக். அங்கே ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்கர்கள் பேஸ்பால் ஆடிக் காட்டினார்கள். 90 ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்கிறார்கள். அதே ஒலிம்பிக்கை ஒட்டி, மராட்டியத்து அமராவதியிலிருந்து போன ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் அமைப்பின் இளைஞர்கள் நம்முடைய கபடியை ஆடிக் காட்டினார்கள். அவர்கள் ஆட்டமும் நம்ம ஆட்டமும் ஒரே ஊரில், ஒரே பருவத்தில் உலகத்தின் கண்ணில் பட்டிருக்கின்றன!

அந்தப் பெர்லினுக்குப் போயிருக்க வேண்டியவர் இன்னொருவரும் உண்டு, நம்மவர். செங்கல்பட்டுப் பக்கம் மொரப்பாக்கத்தில் பிறந்த எம். ஜே. கோபாலன். ஹாக்கியிலும் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர். ஒலிம்பிக் ஹாக்கியா, இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் பயணமா என்ற கேள்வி வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. இங்கிலாந்தில் இவருக்கு ஒரு டெஸ்ட் ஆட்டத்தில்கூட இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் வீசியவர் கோபாலன்தான், எதிரணி மைசூர், ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது என்று இன்றைக்கும் என்னால் மேடையேறிச் சொல்ல முடிகிறது. கிரிக்கெட்டுக்கு நோட்டு உண்டு, அதனால்.

பெர்லினில் 200 மீட்டர் ஓட்டத்தில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்து வந்து வெள்ளி வாங்கியவர் மேக் ராபின்சன். கறுப்பினத்தவர். ஊர் திரும்பியவருக்குக் கிடைத்தது தெருக்கூட்டும் வேலை. ஒலிம்பிக்கில் கொடுத்த மேல்சட்டையைப் போட்டுக்கொண்டே தெருவைக் கூட்டினார் என்று சொல்வார்கள். அவருடைய தம்பிதான் ஜாக்கி ராபின்சன். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக அந்தத் தம்பி மைதானத்தில் கால் வைத்தபோது, அறுபதாண்டுக்கு மேலாகக் கறுப்பினத்தவரை உள்ளே விடாத மேஜர் லீக் கதவு திறந்தது. வைதார்கள். காலைக் குறிவைத்து ஆணிச் செருப்போடு பாய்ந்தார்கள். திருப்பி அடிப்பதில்லை என்று அணித் தலைமைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு, மட்டையால் மட்டும் பேசினார். இன்று அவருடைய 42-ஆம் எண்ணை எந்த அணியும் எந்த வீரருக்கும் கொடுப்பதில்லை. வருஷத்தில் ஒரு நாள், அந்த ஏப்ரல் 15 அன்று, எல்லா வீரர்களும் அதே எண்ணைப் போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள்.

இது அமெரிக்காவின் வியாதி என்று நினைத்து நாம் நிம்மதியாக உட்கார முடியுமா? பல்வாங்கர் பாலூ என்ற இடதுகைப் பந்துவீச்சாளர் புனாவில் ஆடினார். தலித். அவர் வீசிய பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் வேளையில் அவருக்கு மட்டும் கூடாரத்துக்கு வெளியே மண் குவளையில் டீ. 1911-இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர் அவர். ஊர் திரும்பியும் இந்து அணிக்குத் தலைவராக்க மனம் வரவில்லை நம் ஆட்களுக்கு. டம்ளரைப் பற்றி இந்த மாவட்டத்தில் நான் விளக்கத் தேவையில்லை.

இனி நான் சொல்ல வந்த மனிதர், ஜோஷ் கிப்சன். ராபின்சனுக்கு முன்னால், கறுப்பினத்தவருக்கென்று இருந்த தனி லீக்குகளில் ஆடியவர். அவரைப் போல் அடித்தவர் இல்லை என்று பார்த்தவர்கள் சத்தியம் செய்தார்கள். ராபின்சன் கதவைத் திறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, 35 வயதில் இறந்துபோனார். அவர் ஆடியது கணக்கில் சேராத ஆட்டம் என்று ஒதுக்கி வைத்தார்கள். ஆனால் அந்தக் காலத்துக் கறுப்பினப் பத்திரிகைகள் அந்த ஆட்டங்களின் பாக்ஸ் ஸ்கோரை அச்சடித்து வைத்திருந்தன. ஆர்வலர்கள் சிலர் பல வருஷம் உட்கார்ந்து, பழுப்பேறிய பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, கட்டம் கட்டமாகக் கூட்டினார்கள். 2024 மே மாதம் அந்த லீக்குகளின் கணக்கு மேஜர் லீக்கின் அதிகாரபூர்வக் கணக்கில் சேர்ந்தது. டை காப் என்பவர் நூறாண்டுக்குப் பக்கமாக முதலிடத்தில் உட்கார்ந்திருந்த அடிவிகிதப் பட்டியலில், .367-க்கு மேலே .372 என்று கிப்சனின் பெயர் ஏறியது. செத்து 77 வருஷம் கழித்து! எழுதி வைத்திருந்ததால்தான் நீதி திரும்பி வர வழி இருந்தது.

தம்பிகளே, இப்போது உங்களிடம் வருகிறேன். நேற்று மூன்றாவது ஆட்டத்தில் மலைப்பக்கத்து அணியில் ஒரு பையன் பாடிப் போனான். எதிரே ஏழு பேரும் இருந்தார்கள். போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துத் திரும்புவதற்குள் இடது கார்னர் கணுக்காலைப் பிடித்துவிட்டான். மேலே இன்னும் மூன்று பேர் விழுந்தார்கள். வாய் மண்ணில் இருந்தும் பாட்டை விடவில்லை. கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான். ஒரே பாட்டில் ஐந்து புள்ளி. ஊரே எழுந்து நின்றது. மேசையில் இருந்தவர் தாளில் ஐந்து கோடு கிழித்தார். இன்று காலை அந்தத் தாளைக் கேட்டேன். சாமியானா பிரிக்கும்போது குப்பையோடு போய்விட்டதாம். அந்தப் பையன் பெயரைக் கேட்டேன். “அந்தச் சிவப்பு பனியன்” என்றார்கள்.

தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய கபடி அணியில் ஆடினார், அர்ஜுனா விருது பெற்றார். அவர் வாழ்க்கையைத் தழுவி 2025-இல் ‘பைசன்’ படம் வந்த பிறகுதான் நம்மில் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரிந்தது. படம் வராத கணேசன்கள் எத்தனை பேர்? தஞ்சாவூர்ச் சீமையின் தர்மராஜ் சேரலாதன் 40 வயதைத் தாண்டி, 2016 அகமதாபாத் உலகக் கோப்பையை வென்ற அணியில் நின்றார். 2014-இல் புரோ கபடி வந்த பிறகு அவர் பிடித்த பிடியெல்லாம் கணக்கில் இருக்கிறது. அதற்கு முந்தி ஊர் ஊராக அவர் ஆடிய ஆட்டத்துக்குக் கணக்கு எங்கே? கண்ணகி நகர் கார்த்திகா 2025-இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் தங்கத்தோடு வந்து இறங்கியபோது சென்னையே மேளம் அடித்தது. நல்லது. அவளுக்கு முன்னால் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு பள்ளிக்கூடத்து மண்ணில் ஆடிய அக்காமார் பெயர் யாரிடம் இருக்கிறது?

எழுதாத இடத்தில் கதை வந்து குடியேறிவிடும். அபிமன்யு சக்கர வியூகத்துக்குள் போனதுதான் முதல் கபடி என்று நம் மேடைகளில் முழங்குகிறோம். அமெரிக்கர்களும் சளைத்தவர்கள் அல்ல. டபிள்டே என்ற தளபதி 1839-இல் கூப்பர்ஸ்டவுனில் பேஸ்பாலைக் கண்டுபிடித்ததாக ஒரு கதை கட்டினார்கள், அதை நம்பித்தான் அருங்காட்சியகத்தையே அங்கே வைத்தார்கள். பிறகு அவர்களுடைய ஆய்வாளர்களே அது கட்டுக்கதை என்று நிரூபித்தார்கள். நம்மிடம் நிரூபிக்கவும் தாள் இல்லை, மறுக்கவும் தாள் இல்லை.

நம் ஊர்க் கோயில் சுவரில் சோழர் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கொடை கொடுத்தவன் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த ஊர் இது. முழங்காலைக் கொடுத்தவன் பெயரைக் காகிதத்திலாவது எழுதக் கூடாதா?

விழாக் குழுவினரே, ஃப்ளக்ஸ் பேனருக்கு எவ்வளவு செலவழித்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, எதிரணி, ஏழு பேருடைய முழுப் பெயர், யார் பாடி எத்தனை புள்ளி, யார் பிடித்து எத்தனை, நடுவர் பெயர், யாருக்கு அடிபட்டது, எல்லாம் எழுதுங்கள். பெண்கள் ஆட்டத்துக்கும் அதே நோட்டுதான், தனி நோட்டு வேண்டாம். கல்வராயன்மலையிலிருந்து வருகிற பையன்கள் பெயரை அவர்களிடமே கேட்டுப் பிழையில்லாமல் எழுதுங்கள். நோட்டு தலைவர் வீட்டுப் பீரோவில் இருக்கக் கூடாது. நூலகத்தில், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கிற அலமாரியில் இருக்கட்டும். இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள், எழுபதுகளில், எண்பதுகளில் இந்த மண்ணில் சடுகுடு ஆடியவர்கள், நாளைக்கே நூலகத்துக்கு வந்து உங்களோடு ஆடியவர்கள் பெயரைச் சொல்லுங்கள். முதல் பக்கங்கள் உங்களுடையவை. நேற்று ஐந்து புள்ளி எடுத்த அந்தத் தம்பி இங்கே வந்திருந்தால், கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வந்து செயலாளரிடம் உன் பெயரைச் சொல்லிவிட்டுப் போ.